எத்தனை மாசம் என்று கேட்பது என் வேலை

போன மாதம் ஒரு மத்தியானம் ஷபானா எனக்குப் போன் செய்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண். விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் நான் வேலை பார்த்த கடைசி இரண்டு வருடம் பக்கத்துக் கவுன்டரில் இருந்தவள். இப்போது அவள்தான் அங்கே சீனியர்.

"பிலோமினாக்கா, இன்னிக்கு ஒரு பொண்ணு கேட் வரைக்கும் வந்துட்டா. வயிறு நல்லாத் தெரியுது. வீட்லயே போன்ல செக்-இன் பண்ணியிருக்கா, கையில ஒரு பை மட்டும். கவுன்டர் பக்கமே வரல. எத்தனை மாசம்னு கேட்டா ஆறுங்கறா. கீழ பஸ் நிக்குது, அவளுக்குப் பின்னாடி நாப்பது பேரு. அனுப்பிட்டேன். அதுலேர்ந்து அதே நெனப்பாவே இருக்குக்கா."

"போய்ச் சேந்துட்டாளா?"

"சேந்துட்டா. விசாரிச்சேன். நல்லா இருக்கா. ஆனா நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

எழுதித் தருகிறேன் என்றேன். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டவள் எழுதி என்ன கிழிக்கப் போகிறாள் என்று அவள் நினைத்திருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் கிடையாது.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் தெருவில் விமானத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். முப்பத்தொரு வருடம் ராயபுரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி, திரிசூலத்தில் இறங்கி வேலைக்குப் போனேன். பயிற்சி ஆறு வாரம். ஊர்களின் மூன்றெழுத்துக் குறி, பெட்டி எடை போடுவது, கோபக்காரப் பயணியிடம் எந்தக் குரலில் பேசுவது, புடவைக்கு எத்தனை மடிப்பு என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைப் பற்றி அந்தப் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது.

எங்கள் கம்பெனியின் விதி அந்த அரைப் பக்கம்தான். முப்பத்திரண்டு வாரம் வரைக்கும் ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் போனால், பறக்கலாம் என்று டாக்டர் எழுதிய கடிதம் வேண்டும். அதுவும் ஏழு நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முப்பத்தாறாவது வாரம் முடிந்துவிட்டால் கடிதம் இருந்தாலும் ஏற்றக் கூடாது. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பெண்கள் யாரும் வாரத்தில் கணக்குச் சொல்வதில்லை. மாசம்தான். எட்டு என்று ஒருத்தி சொன்னால், எட்டு முடிந்ததா, ஏழு முடிந்து எட்டு நடக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாலு வாரம். அந்த நாலு வாரத்தில்தான் விதி இருக்கிறது. மாசத்தை வாரமாக்கும் ஒரு பட்டியலை என் கையெழுத்திலேயே எழுதி, கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

கேட்பது எப்படி என்பது அரைப் பக்கத்தில் இல்லை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பெண்ணிடம், சிரித்துக்கொண்டே, எத்தனை மாசம்மா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "போன வெள்ளிக்கிழம போயிடுச்சு" என்றாள். பிரசவமாகிக் குழந்தை இறந்து ஒன்பது நாள். வயிறு இன்னும் இறங்கவில்லை. அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை. பாஸைக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

அன்றைக்குப் பணியில் இருந்த மேனேஜர் சடகோபன் சார். அவரிடம்தான் அடுத்த இருபது வருடமும் நான் வேலை செய்தேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டேதான் இருப்பார், உட்கார மாட்டார். சட்டைக் காலருக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார், ஏசி ஓடும் இடத்திலும். எங்கள் எல்லோரையும், வயதில் மகளாக இருக்கக் கூடியவர்களைக்கூட, நீங்க என்றுதான் கூப்பிடுவார். எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒன்றுதான்: "மணி எழுதுங்க." பெட்டி காணாமல் போனாலும், பயணி மயங்கி விழுந்தாலும், இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும், முதலில் மணி. அப்புறம்தான் மற்றது.

நான் அழுது முடித்த பிறகு அவர் சொன்னார்: "வயித்தப் பாத்துக் கேக்காதீங்க. வயிறு பொய் சொல்லும். பாதத்தப் பாருங்க. நடையப் பாருங்க. உக்காரும்போது கை எங்க போகுதுன்னு பாருங்க. அப்பவும் சந்தேகம் இருந்தா, எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி, உடம்புக்கு ஏதாவது உதவி வேணுமானு மட்டும் கேளுங்க. சொல்ல வேண்டியவங்க அதுலயே சொல்லிடுவாங்க."

அவர் அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. பல வருடம் கழித்து டீ குடிக்கும்போது ஒரே ஒரு தடவை சொன்னார். இளம் வயதில் வேறொரு ஊரில் இருந்தபோது, கெஞ்சிக் கேட்ட ஒரு பெண்ணை அவர் ஏற்றி அனுப்பியிருக்கிறார். மேலே போன முக்கால் மணி நேரத்தில் வலி வந்துவிட்டது. விமானத்தைத் திருப்பினார்கள். கதவைத் திறந்தபோது வாசலில் நின்றது சடகோபன் சார்தான். சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் துணி விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்து இறந்திருந்தது. "நான் போட்ட கையெழுத்து அந்தத் தாள்ல இருந்துச்சு" என்றார். டீயை முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

நானும் வயிற்றோடு பறந்திருக்கிறேன். மூத்தவன் வயிற்றில் இருந்த ஆறாம் மாசம், ஒரு பயிற்சிக்காக ஹைதராபாத்துக்கு. ஒரு மணி நேரப் பயணம்தானே என்று கடைசிக்கு முந்தின வரிசையில் நடு சீட்டை எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் என் மூச்சு முட்டியது. சாப்பாட்டுப் பலகை வயிற்றில் இடித்து முழுதாக இறங்கவில்லை. பெல்டை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு இருந்தேன். பணிப்பெண் வந்து வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே இறக்கிப் போட்டுவிட்டுப் போனாள். பாத்ரூம் போக எழுந்தால் நடைவழியில் தள்ளுவண்டி. அடக்கிக்கொண்டேன். இறங்கும்போது செருப்புக்குள் கால் போகவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கர்ப்பிணி வந்தாலும் கேட்காமலேயே நடைவழி சீட்டுப் போட்டுக் கொடுப்பேன். பெல்ட் கீழே, தண்ணீர் குடி, கணுக்காலைச் சுற்றிக்கொண்டே இரு, நடுவில் ஒரு தடவை எழுந்து நில் என்று சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இனி மஞ்சுளாவைப் பற்றி.

மெட்ரோ இன்னும் எங்கள் பக்கம் வராத காலம். காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கவுன்டருக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவள் கையில் ஒயர் கூடை. அதற்குள் ஒரு போர்வை, இரண்டு புடவை, பிளாஸ்கு. இளையவளுக்கு இருபத்திரண்டு இருக்கும். பெரிய துப்பட்டா ஒன்றைப் போர்வை மாதிரி முன்னால் இறக்கிவிட்டிருந்தாள். விசாகப்பட்டினம் போகும் பதினோரு மணி விமானம். கவுன்டர் பத்து இருபதுக்கு மூடும்.

"பெட்டி ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மூத்தவள். "எம் பையன் அங்க ஆஸ்பத்திரில கீறான். பாக்கப் போறோம்."

பேச்சைக் கேட்டதும் நானும் எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டேன். "இன்னா ஆச்சு?"

இளையவள் சட்டென்று தலை தூக்கினாள். அந்த இடத்தில் யாரும் தன்னைப் போலப் பேசுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "சாரம் சரிஞ்சி வுயுந்துட்டாருக்கா. கப்பலுக்குப் பெயிண்டு அடிக்கிற வேல. இங்க எண்ணூர்லதான் பாத்துகினு இருந்தாரு, மூணு மாசமா அங்க இட்டுகினு போயிட்டாங்க. தலையில அடி. நேத்து சாயங்காலம் மேஸ்திரி போன் பண்ணாரு. அவருதான் ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போட்டாரு. சீக்கிரம் வாங்கன்னாரு."

அந்தச் சீக்கிரம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

எர்ணாவூரிலிருந்து வருகிறார்கள். மாமியார் பெயர் கன்னியம்மா. மருமகள் மஞ்சுளா. இரண்டு பாஸும் திரையில் தயாராக இருந்தன. ஒரு விசையைத் தட்டினால் வெளியே வந்துவிடும். நான் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தேன். ரப்பர் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. மெட்டி விரலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"எத்தினி மாசம் கண்ணு?"

"ஏயு."

"ஏயு முடிஞ்சிதா, நடக்குதா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி அட்ட கீதா?"

பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரசவ நாள் எழுதியிருந்தது. நாலு வாரமும் மூன்று நாளும் பாக்கி. திருப்பிக் கணக்குப் போட்டால் முப்பத்தைந்து வாரம், நாலு நாள். கடைசி முறை பார்த்த பிரஷரைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. டாக்டர் கடிதம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

நான் சடகோபன் சாரைக் கூப்பிட்டேன். வந்தார். அட்டையைப் படித்தார். "மணி எழுதுங்க" என்றார். ஒன்பது ஐம்பத்தெட்டு.

விமான நிலையத்தில் ஒரு மருத்துவ அறை உண்டு. அங்கிருக்கும் டாக்டர் பார்த்துக் கடிதம் கொடுத்தால் ஏற்றலாம். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். இளம் டாக்டர். பிரஷர் பார்த்தாள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு கையில் பார்த்தாள். நூற்றைம்பதுக்கு நூறு. பாதத்தை விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"தலை வலிக்குதாம்மா?"

"நைட்டெல்லாம் தூங்கலீங்க. அதான்."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் எழுத மாட்டேன். இந்தப் பொண்ணு எங்கயும் போகக் கூடாது. இன்னிக்கே அட்மிட் ஆகணும். எப்ப வேணா ஃபிட்ஸ் வரலாம்." ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதை மஞ்சுளாவிடமும் நிதானமாகச் சொன்னாள். மஞ்சுளா தலையாட்டினாள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கவுன்டருக்குத் திரும்பியபோது பத்து பதினான்கு.

"மூத்தவங்க போகலாம்" என்றார் சடகோபன் சார். "அந்தப் பொண்ணு வேண்டாம்."

"சார், புருஷன் சாகக் கிடக்கறான்."

"தெரியுது பிலோமினா. மேல போய் ஏதாவது ஆச்சுன்னா அங்க கை கொடுக்க ஆள் இல்ல." அவர் அதை வழக்கமான குரலில்தான் சொன்னார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கன்னியம்மாவுக்குப் புரிய வைக்க ஆறு நிமிடம் இருந்தது. அவள் கவுன்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நா எப்பிடிம்மா இத்த வுட்டுட்டுப் போவேன்? வயித்துப் புள்ளக்காரி. எனுக்கு அந்த ஊரு பாஷையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. போனா ரெண்டு பேரும் போறோம், இல்லாட்டி ரெண்டு பேரும் இருக்கறோம்."

"நீ போ அத்த" என்றாள் மஞ்சுளா. "அவரு தனியா கீறாரு."

"நீ?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

அதை அவள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேனா, கவுன்டர் மூட மூன்று நிமிடம் இருந்ததால் சொன்னேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான். கன்னியம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டாள். உதவிக்கு ஒரு பணியாளரைச் சேர்த்து அனுப்பினேன். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மஞ்சுளாவைக் கவுன்டர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து தண்ணீர் கொடுத்தேன். வீட்டில் வேறு யார் என்று கேட்டேன். அம்மா இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு ஆந்திரா பக்கம் போய்விட்டார். அக்கம்பக்கத்தவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். என் ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று சாரிடம் கேட்டேன்.

"டெல்லி பிளைட்டுக்கு நூத்தி எண்பது பேர் நிக்கறாங்க. ரெண்டு பேர் லீவு. நீங்க போனா கவுன்டர்ல யாரு?" என்றார். "ரெண்டு மணி வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. இல்லன்னா யாரையாவது வரச் சொல்லுங்க."

நியாயமான பேச்சுத்தான். நான் வற்புறுத்தவில்லை.

பதினோரு மணி வாக்கில் அவளே எழுந்து வந்தாள். "எவ்ளோ நேரம்க்கா குந்திகினு இருக்கறது. நானே போய்க்கறேன். ட்ரெயின்ல போனா நேராப் பூடலாம்." வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பெட்டி எடை மேடையில் இருந்தது. நான் உட்கார்ந்தபடியே வழி சொன்னேன். "எதிர்லயே திரிசூலம் ஸ்டேஷன். பார்க்குல எறங்கிடாத. பீச் வரைக்கும் போ. அங்க மாறினா அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். எறங்கினா பிரசவ ஆஸ்பத்திரி கிட்டதான். இந்த லெட்டரக் காட்டு. ரெண்டு மணிக்கு மேல நான் அங்க வந்துடறேன்."

"செரிக்கா" என்றாள். லெட்டரை மடித்து அட்டைக்குள் வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து மெதுவாக நடந்து போனாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் பார்த்தேன். அப்புறம் அடுத்த பெட்டியைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். வார்டு வார்டாகக் கேட்டேன். வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். மருத்துவ அறைப் படிவத்தில் அவள் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. மறுநாள் சாரிடம் சொன்னபோது, "இனி கூப்பிடாதீங்க. கம்பெனிக்கு அதுல வேலை இல்ல" என்றார்.

மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. அந்தப் படிவத்திலிருந்த முகவரியை வைத்துக்கொண்டு எர்ணாவூருக்குப் போனேன். ரோடெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஷேர் ஆட்டோ அவற்றுக்கு நடுவில் ஊர்ந்தது. தெருமுனைக் கம்பத்தில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. மீசை அரும்பிய முகம், கூலிங் கிளாஸ். குமரேசன் என்று பெயர். என் கையிலிருந்த முகவரியும் அந்தத் தெருதான்.

குழாயடியில் நின்ற ஒருத்தியிடம் மஞ்சுளாவைக் கேட்டேன்.

"அது நெல்லூரு ஆஸ்பத்திரில கீதும்மா. கொயந்த போயிட்ச்சு. நீங்க யாரு?"

கன்னியம்மா வீடு எது என்று மட்டும் கேட்டேன்.

நடந்தது இதுதான். மஞ்சுளா பார்க் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். எதிரே சென்ட்ரல். மதியம் விசாகப்பட்டினம் பக்கம் போகும் வண்டியில், முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிவிட்டாள். பெண்கள் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி தாண்டும்போதே தலைவலி. கூடூர் தாண்டியதும் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்திருக்கிறது. அப்புறம் அவளுக்கு நினைவில்லை. இழுப்பு வந்து சீட்டிலிருந்து கீழே விழுந்திருக்கிறாள். நெல்லூரில் இறக்கி ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். வயிற்றைத் திறந்து எடுத்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. பெண் குழந்தை. மஞ்சுளாவுக்கு நினைவு திரும்பியது மூன்றாம் நாள், அதாவது நான் அந்தப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள்.

மஞ்சுளாவின் புருஷன் குமரேசன், அம்மா போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே போய்விட்டான். கன்னியம்மா அவன் உடலை ஆம்புலன்சில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் வந்து அடக்கம் செய்தாள். வரும் வழியில் நெல்லூரையும் தாண்டித்தான் வந்திருக்கிறாள். மருமகள் அங்கே கிடப்பது அவளுக்குத் தெரியாது. அட்டையிலிருந்த எண்ணைப் பார்த்து அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னது, அடக்கம் முடிந்த பிறகுதான்.

கன்னியம்மா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பாத்துக்கறேன்னியேம்மா" என்றாள். "நீ சொன்னியேன்னுதான் நா ஏறுனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு எதுவும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருத்துவ அறை டாக்டரிடம் அப்புறம் கேட்டேன். விமானத்தில் போயிருந்தால் அங்கேயே இழுப்பு வந்திருக்கலாம், இறங்கிய பிறகு ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்திருக்கலாம், வராமலேயே இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாள். அவள் செய்தது சரி. சார் செய்தது சரி. நான் கேட்டதும் சரிதான், அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்தியது எங்கள் விமானத்தில் அவள் ஏறுவதை மட்டும்தான். அவள் புருஷனைப் பார்க்கப் போவதை எங்களில் யாரும் நிறுத்தவில்லை. கூட இருந்த ஒரே ஆளையும் பிரித்து அனுப்பிவிட்டு, தனியாக ஒரு நீண்ட பயணத்துக்கு நாங்களே வழிவிட்டோம்.

சடகோபன் சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். எதுவும் எழுதச் சொல்லவில்லை. பாத்ரூம் பக்கம் போனவர் அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எர்ணாவூருக்குப் போனேன். மஞ்சுளா வீட்டில் இருந்தாள். இளைத்திருந்தாள். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கன்னியம்மா அடுப்பில் டீ வைத்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வேறு எங்கே போவார்கள்.

பிறகு மஞ்சுளா கேட்டாள்: "எவ்ளோ நேரம்க்கா, அந்தப் பிளைட்டு?"

"ஒரு மணி இருவது நிமிசம்."

"அவ்ளோதானா" என்றாள். "நானு நாலு மணி நேரம் ட்ரெயின்ல குந்திகினு இருந்தேன்க்கா."

கன்னியம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நா போய் நின்னப்ப கண்ண தொறந்தாம்மா. மஞ்சு வர்லியான்னு கேட்டான். வந்துகினே கீதுன்னேன்."

மஞ்சுளா அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். முகம் மாறவில்லை. "பிளைட்ல போயிருந்தா கொயந்த பொயச்சிருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"நெல்லூர் டாக்டரும் அதேதான் சொன்னாரு."

டீயைக் குடித்தேன். கிளம்பும்போது ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தாள். வயிற்றில் தையல் இன்னும் இழுக்கிறது என்று கையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஆட்டோ வந்ததும் சொன்னாள்: "என்ன நிறுத்துன மாதிரி வேற யாரையாவது நிறுத்துனீன்னா, தனியா வுட்டுடாதக்கா."

நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகும் பல பெண்களை நிறுத்தினேன். நிறுத்தாமல் இருக்க முடியாது. அட்டையைப் பார்த்துவிட்டால் பார்த்ததுதான். ஆனால் இரண்டாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். இப்ப எப்படிப் போவே? பதிலைக் கேட்காமல் எழுந்திருக்க விடமாட்டேன். கூட வந்தவர்களைப் பிரிக்க மாட்டேன். யாரும் இல்லை என்றால் நானே ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ ஒரு ஆளின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவேன். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

அப்படிப் போனதற்காக எனக்கு இரண்டு மெமோ வந்தன. அனுமதி இல்லாமல் கவுன்டரை விட்டு வெளியேறியதற்கு. இரண்டிலும் சடகோபன் சார்தான் கையெழுத்துப் போட்டார். முதல் தடவை, சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை இங்கேயே இருந்த அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். மெமோவை மடித்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"பிலோமினா" என்று கூப்பிட்டார். கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளா?"

"சேந்துட்டா சார். அண்ணி வாசலுக்கே வந்து உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

"சரி" என்றார். "போய் கவுன்டரப் பாருங்க."